ஊவாத் தோட்டப்புறத்துப் பழஞ் சுத்தியல்கள்: இனங்காணலும் மறுபயன்பாடும்

மலையகப் பெருந்தோட்டத்துறை பற்றி இதுவரை வெளிவந்துள்ள ஆய்வுகளை நோக்குமிடத்து, அவற்றுட் பெரும்பாலானவை கூலி, குடியுரிமை, தொழிற்சங்கம், வாய்மொழி இலக்கியம் ஆகியவற்றையே தமக்குப் பொருளாகக் கொண்டிருத்தலைக் காணலாம். இவை யாவும் இன்றியமையாத ஆய்வுகளே. ஆயினும், கவ்வாத்தும் கான்வெட்டும் முள்ளுக்குத்தும் எக்கருவிகளைக் கொண்டு நடைபெற்றனவோ அக்கருவிகளை அடித்தும் தோய்த்தும் தீட்டியும் கொடுத்த கொல்லரின் அறிவு, ஆய்வாளரின் கவனத்தைப் போதியவாறு ஈர்க்கவில்லை. உழைப்பின் வரலாற்றை எழுதப் புகுவோர் உழைப்புக் கருவிகளின் வரலாற்றை ஒதுக்கிவிடுதல் பொருந்தாது.

கருவிகளுட் சுத்தியலுக்குத் தனியானதோர் இடமுண்டு. கத்தி கொப்பை வெட்டுகிறது. மண்வெட்டி மண்ணை வெட்டுகிறது. சுத்தியலோ கத்தியையும் மண்வெட்டியையும் ஆக்குகின்றது. அது கருவிகளை ஆக்கும் கருவி. கொல்லன் உலைக்கல்லின் மேல் ஓங்கியடிக்கும் சம்மட்டிக்குக் கூடம் என்னும் பெயர் புறநானூற்றின் 170ஆம் செய்யுளிலேயே வழங்குகின்றது. ஊவாத் தோட்டங்களில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பயன்பட்டுத் தேய்ந்த சுத்தியல்கள் இன்று பழைய இரும்பாக நிறுக்கப்பட்டு விலைபோகின்றன. அவற்றை எவ்வாறு இனங்காணலாம், எவற்றைக் கொல்லுலைக்கு மீளப் பயன்படுத்தலாம், எவற்றைத் தொடாது பேணவேண்டும் என்பனவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. காற்றும் உருக்கும்: வரலாற்றுப் பின்னணி

தோட்டத்துரைமாரின் வருகையோடுதான் இம்மலைகளுக்கு உருக்கு வந்தது என்னும் எண்ணம் பலரிடையே நிலவுகின்றது. உண்மை இதற்கு முற்றிலும் மாறானது. ஊவாவின் தென்மேற்கு எல்லையை அடுத்து, பலாங்கொடைக்குத் தென்கிழக்கே அமைந்துள்ள சமனலவெவப் பகுதியில், நீர்த்தேக்கத் திட்டத்தையொட்டி நிகழ்ந்த தொல்லியலாய்வுகள் பண்டைய இரும்புருக்கு உலைகள் பலவற்றை வெளிக்கொணர்ந்தன. இவ்வாய்வுகளை நடத்திய கில் ஜூலெஃப் தமது முடிவுகளை 1996ஆம் ஆண்டில் 'நேச்சர்' என்னும் அறிவியல் இதழில் வெளியிட்டார். கி.பி. ஏழாம் நூற்றாண்டு முதல் பதினோராம் நூற்றாண்டு வரையான காலத்துக்குரிய இவ்வுலைகள் மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளின் விளிம்பிற் கட்டப்பட்டவை. அவற்றுக்குத் துருத்தி வேண்டியிருக்கவில்லை. தென்மேற்குப் பருவக்காற்றின் வேகமே உலையைக் கனலச் செய்தது. அவற்றைப் போன்று மீளக் கட்டிய உலைகளிற் செய்த பரிசோதனைகளிலிருந்து காபன் செறிந்த உருக்கே நேரடியாகக் கிடைத்தமை குறிப்பிடத்தக்கது. ஒன்பதாம் நூற்றாண்டின் அரபு அறிஞரான அல்-கிந்தி வாள்கள் பற்றிய தமது நூலிற் சரந்தீபு உருக்கைக் குறிப்பிடுதலும் இத்துடன் இணைத்து நோக்கத்தக்கது.

மலைகளைத் தாண்டி ஊவாவுள் வறண்ட கச்சானாக இறங்குவதும் இதே பருவக்காற்றே. யூலை முதல் செப்தெம்பர் வரையுள்ள காலத்தில் ஊவாத் தேயிலைக்குத் தனிச்சுவையை வழங்குவதும் அதுவே. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் உருக்கை விளைவித்த காற்று பின்னர் ஏற்றுமதிப் பயிரொன்றின் சுவையை விளைவித்தது. இடைக்காலத்தில் மாறியது காற்றன்று, உற்பத்தி உறவே.

மூசையில் உருக்குச் செய்யும் முறையும் இப்பகுதிக்குப் புதியதன்று. இலங்கைக் கனிப்பொருளாய்வின் பணிப்பாளராக விளங்கிய ஆனந்த குமாரசுவாமி, பலாங்கொடைப் பகுதியில் எஞ்சியிருந்த கொல்லர் இரும்பை உருக்கியதையும் மூசையில் உருக்குச் செய்ததையும் 1908இல் வெளிவந்த தமது மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலில் விவரித்துள்ளார். அன்றே அது அருகிவரும் தொழிலாகிவிட்டது. இங்கிலாந்திலிருந்து மலிவாக வந்திறங்கிய இரும்பும் உருக்கும் உள்ளூர் உலைகளை அவித்தன. இரும்பை விளைவிக்கும் கொல்லன், பிறர் விளைவித்த இரும்பைத் திருத்துபவனாக மாறினான். தோட்டப் பட்டறையின் கொல்லன் இம்மாற்றத்தின் பின் தோன்றியவனே ஆவான்.

2. சுத்தியல்கள் ஊவாவுக்கு வந்த வழிகள்

ஊவாவிற் காணப்படும் பழஞ் சுத்தியல்கள் பிரதானமாக மூன்று வழிகளால் வந்து சேர்ந்தன எனலாம். இவ்வழிகளை அறிந்துகொண்டால் எச்சுத்தியல் எவ்வேலைக்கு உரியது என்பதை ஊகித்தல் எளிதாகும்.

முதலாவது வழி, தெருவும் கல்வேலையும். கோப்பிக் காலத்திலும் அதன் பின்னர் தேயிலைக் காலத்திலும் மலைச்சரிவுகளிற் பாதை வெட்டுதற்கும், கல்லணை கட்டுதற்கும், கான்களுக்குக் கல் பதித்தற்கும் பெருந்தொகையான சம்மட்டிகளும் கல்லுடைக்கும் சுத்தியல்களும் தேவைப்பட்டன. பத்து இறாத்தலுக்கு மேற்பட்ட இருமுகச் சம்மட்டிகளும், கல்லின் விளிம்பைச் சிதைத்தெறிதற்குரிய சதுரமுகச் சுத்தியல்களும் இவ்வகையின.

இரண்டாவது வழி, புகையிரதப் பாதை. அது ஹப்புத்தளையை 1893இலும் பண்டாரவளையை 1894இலும் அடைந்தது. அங்கிருந்து பதுளையை அடைய மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன. தெமோதரையின் வளைசுற்றுப் பாதையும், 1921இல் நிறைவுற்ற ஒன்பது வளைவுப் பாலமும் இவ்விடைக்காலத்து வேலைகளாகும். கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டு உருக்குச் சட்டமின்றிக் கட்டப்பட்ட அப்பாலம் கல்தச்சரின் சுத்தியலுக்குச் சான்றாக இன்றும் நிற்கின்றது. 1924இல் பாதை பதுளை வரை திறக்கப்பட்டது. தண்டவாளத்தைச் சிலிப்பர்க் கட்டையுடன் பிணைக்கும் ஆணிகளை அடித்தற்குரிய நீண்டு ஒடுங்கிய கழுத்துடைய சுத்தியல்கள் இவ்வழியே வந்தவை.

மூன்றாவது வழி, தோட்ட மக்கள் 'ஸ்டோர்' என வழங்கும் தேயிலைத் தொழிற்சாலை. பெல்பாஸ்ற் நகரின் சிரொக்கோ உலர்த்திகளும், கெயின்ஸ்பரோ நகரில் மார்ஷல் நிறுவனத்தார் செய்த ஜாக்சன் உருட்டிகளும் மலைமீது ஏற்றப்பட்டபொழுது அவற்றைப் பூட்டவும் பழுதுபார்க்கவும் வேண்டிய கருவிகளும் உடன் வந்தன. ஒருபுறம் தட்டை முகமும் மறுபுறம் குண்டுத்தலையும் கொண்ட பொறிவேலைச் சுத்தியல் இவற்றுள் முதன்மையானது. குண்டுத்தலை, தறையாணியின் வாயை விரித்து மடக்குதற்கு உதவுவது. கொதிகலனின் உட்புறத்துப் படிவை உதிர்க்கும் இருபுறக் கூரலகுச் சுத்தியல், தேயிலைப் பெட்டியின் தகர விளிம்புக்கு ஆணியடிக்கும் சிறு சுத்தியல், இயந்திர உறுப்பை வடுப்படாது தட்டுதற்குரிய செம்பு அல்லது ஈயத் தலைச் சுத்தியல் என்பனவும் தொழிற்சாலைக்குரியன. ஒட்டுப்பலகைப் பெட்டியின் இடத்தைக் கடதாசிப் பைகள் பிடித்துக்கொண்டமையால் பெட்டிச் சுத்தியல் இன்று வேலையற்ற கருவியாகிவிட்டது.

3. இனங்காணும் முறைகள்

ஒரு சுத்தியலின் பயன் அதன் வடிவத்தில் மட்டுமன்றி அது எவ்வுலோகத்தாலானது என்பதிலும் தங்கியுள்ளது. பழைய சுத்தியல்களை உலோக அடிப்படையில் நால்வகைப்படுத்தலாம்: தேனிரும்பு உடலில் உருக்கு முகம் ஒட்டியவை, முழுவதும் காபன் உருக்காலானவை, மென்னுருக்காலானவை, வார்ப்பிரும்பாலானவை. தேனிரும்பிற் காபன் 0.1 வீதத்துக்கும் குறைவு. மென்னுருக்கில் அது பெரும்பாலும் 0.25 வீதத்தைத் தாண்டுவதில்லை. நல்ல சுத்தியல் உருக்கில் ஏறத்தாழ 0.5 முதல் 0.8 வீதம் வரை காபன் இருக்கும். வார்ப்பிரும்பில் அது 2 வீதத்துக்கும் மேற்படும். காபன் மிகக் குறைந்தால் முகம் நசுங்கும். மிகக் கூடினால் உடையும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பதமே கொல்லன் வேண்டுவது.

முதற் சோதனை கண்ணாற் காண்டல். துருவைக் கம்பித் தூரிகையாற் போக்கிய பின் தலையின் நடுவே நீளவாட்டில் ஒரு கோடு ஓடுமாயின் அது அச்சிலிட்டு ஆக்கியதன் அடையாளம். அக்கோடு மெல்லியதாகவும் மேற்பரப்பு மணற்பொருக்குப் போன்று சொரசொரப்பாகவும் இருப்பின் அது வார்ப்பாக இருத்தல் கூடும். கோடு அகன்று, அரத்தால் அராவிய தடத்துடன் காணப்படின் அது அச்சில் வைத்து அடித்த உருக்காகும். முகத்தின் விளிம்பு காளான் போல் வெளிப்புறம் விரிந்து மடிந்திருப்பின் முகம் மென்மையானது என்று கொள்ளலாம். விளிம்பு சில்லுச் சில்லாகப் பெயர்ந்திருப்பின் முகம் அளவுக்கு மிஞ்சிக் கடினமானது என்று கொள்ளலாம்.

இரண்டாவது, பொறிப்புக்களை வாசித்தல். பழைய பிரித்தானியக் கருவிகள் பலவற்றில் 'காஸ்ட் ஸ்டீல்' என்னும் ஆங்கிலச் சொற்கள் பொறிக்கப்பட்டிருக்கும். இச்சொற்களைக் கண்டு கருவி வார்ப்பிரும்பாலானது என்று எண்ணி ஒதுக்குவோர் உளர். அது தவறு. மூசையில் உருக்கி வார்த்தெடுத்த கட்டியை மீண்டும் அடித்து ஆக்கிய உயர்தர உருக்கு என்பதே அதன் பொருள். இம்முறையை ஷெஃபீல்ட் வட்டாரத்தில் 1740களிற் கண்டவர் பெஞ்சமின் ஹன்ஸ்மன். மூசையுருக்கு அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் விளைந்தது என்பதும், தென்னிந்திய உருக்கின் இரகசியத்தை அறிய மைக்கல் ஃபரடே போன்ற அறிஞர் 1819ஆம் ஆண்டளவில் ஆய்வுகள் நிகழ்த்தினர் என்பதும் மறத்தற்குரியனவல்ல. ஆங்கிலக் கருவியின் பெருமைக்குரிய அப்பொறிப்பு, கருவி வந்திறங்கிய மலைக்கே அயலில் வாழ்ந்து அவிந்த ஒரு தொழிலையும் நினைவூட்டுகின்றது. அம்பு முனை வடிவிலான குறி பிரித்தானிய அரசின் உடைமையைக் காட்டும். சீ.ஜி.ஆர். என்னும் எழுத்துக்கள் இலங்கை அரசாங்கப் புகையிரதத்தைக் குறிக்கும். தனியே நிற்கும் சிறு எண் பெரும்பாலும் இறாத்தல் நிறையாகும்.

மூன்றாவது, ஒலி. காம்பு நீக்கிய தலையைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சிறு இரும்பாற் தட்டினால், வெடிப்பற்ற உருக்கு தெளிந்து நீள ஒலிக்கும். வெடிப்புள்ளது உடைந்த மண்பானைபோல் மங்கி ஒலிக்கும். வார்ப்பிரும்பும் மங்கியே ஒலிப்பதால் இதனைத் தனிச்சான்றாகக் கொள்ளலாகாது.

நான்காவது, அரம். கூரிய அரத்தை முகத்தின் மேல் ஓட்டும்பொழுது அது கடிக்காது வழுக்குமாயின் முகம் தோய்ச்சல் பெற்றது. ஆகவே காபன் உள்ளது. அரம் எளிதிற் கடிக்குமாயின் ஒன்றில் அது மென்னிரும்பு, அன்றேல் எங்கேனும் தீயிற் கிடந்து தோய்ச்சலை இழந்த உருக்கு. இவ்விரண்டையும் வேறுபடுத்த அடுத்த சோதனை உதவும்.

ஐந்தாவது, பொறி. சாணைச் சில்லிற் பிடிக்கும்பொழுது தேனிரும்பு வைக்கோல் நிறத்தில் நீண்ட கோடுகளாகவே பொறிகளைச் சிந்தும். அவை வெடித்துக் கிளைப்பது அரிது. காபன் கூடக் கூடப் பொறி மத்தாப்புப் போலக் கிளைத்து வெடிக்கும். வார்ப்பிரும்பின் பொறி குறுகிச் சிவந்து சில்லின் அருகிலேயே அடங்கும். அறியப்பட்ட ஓர் அரத் துண்டையும் ஒரு தேனிரும்புத் துண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்புநோக்கின் ஐயம் நீங்கும். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணியாது இச்சோதனையைச் செய்தலாகாது.

ஆறாவது, புளிப்பு. 1856இற் பெஸமர் முறை தோன்றி உருக்கு மலிவாகும் வரை, உருக்கு விலைகூடிய பொருளாகவே இருந்தது. ஆகையால் தேனிரும்பு உடலில் மெல்லிய உருக்குத் தகட்டை உலையில் ஒட்டி முகமாக்குதல் வழக்கம். இத்தகைய சுத்தியலின் பக்கத்தை அராவி மினுக்கி எலுமிச்சம் பழச்சாற்றிற் சில மணி நேரம் ஊறவைத்தால் உருக்குப் பகுதி கருமை கொள்ளும். தேனிரும்புப் பகுதி மரத்தின் நார்போன்ற வரிகளைக் காட்டும். இரண்டுக்கும் இடையே ஒட்டின் கோடு தெரியும். பிற சோதனைகள் யாவும் ஐயத்தைத் தந்தவிடத்து இது தெளிவைத் தரும்.

4. மறுபயன்பாடு

கொல்லுலையில் மெலிந்த சூட்டிரும்பின் மேல் விழும் சுத்தியலின் முகம் கட்டடத் தச்சனின் சுத்தியல் போல் தட்டையாகவும் கூர்விளிம்பாகவும் இருத்தலாகாது. முகம் நடுவிற் சிறிது குவிந்து விளிம்புகள் உருண்டிருத்தல் வேண்டும். இன்றேல் ஒவ்வோர் அடியும் இரும்பிற் பிறைவடுவை விட்டுச்செல்லும். ஆகவே நல்ல பழஞ் சுத்தியலுக்கு வேண்டியது பெரும்பாலும் சாணையும் அரமும் மட்டுமே. விரிந்து மடிந்த விளிம்பை முற்றாக அராவி நீக்குதல் முதற்பணி. அவ்விளிம்பு உடைந்து பறந்தால் கண்ணை இழக்க நேரிடும். சாணையிடும்பொழுது தலை கைபொறுக்காச் சூடடையாதவாறு அடிக்கடி நீரில் நனைத்தல் வேண்டும். முகம் நீலநிறம் கொள்ளுமளவு சூடேறின் தோய்ச்சல் குன்றிவிடும்.

வடிவத்தை மாற்றவேண்டிய இடத்திலேயே உலை தேவை. இரண்டு முதல் மூன்று இறாத்தல் வரையுள்ள பொறிவேலைச் சுத்தியலின் குண்டுத்தலையை ஆரஞ்சுநிறச் சூட்டிற் தட்டி, காம்புக்குக் குறுக்காக மழுங்கிய ஆப்புப்போல் நீட்டினால், இரும்பை ஒரு திசையில் இழுத்து நீட்டுதற்குரிய கொல்லன் சுத்தியல் கிடைக்கும். கவ்வாத்துக் கத்தியின் வளைந்த அலகை இழுத்தெடுக்க இதனினும் ஏற்றதொன்றில்லை. பெருஞ்சம்மட்டியை ஒற்றைக் கையால் வீசுதல் இயலாது. ஆயினும் அதன் தலையை நிமிர்த்தி மரக்குற்றியிற் பாதியளவு புதைத்துவிட்டால், பட்டடை வாங்க வசதியற்ற சிறு பட்டறைக்கு அதுவே பட்டடையாகும். அதனைக் குறுக்கே அறுத்து இரண்டாக்கின், சூட்டிரும்பை வெட்டும் வெட்டுளிக்கும் மேற்பரப்பைச் சமன்செய்யும் தட்டைக் கட்டைக்கும் உரிய உருக்குக் கிடைக்கும். தேய்ந்த கல்லுடைச் சுத்தியலும் வெட்டுளியாகத் தக்கதே.

தேனிரும்பு உடலும் உருக்கு முகமும் உடைய சுத்தியலை இவ்வாறு உருமாற்ற முற்படுதல் கூடாது. தேனிரும்பு நன்கு இணங்கும் வெள்ளைச் சூட்டில் உருக்கு எரிந்து பொறியாய்ச் சிதறும். உருக்குக்கு ஏற்ற சூட்டிலோ தேனிரும்பு நார்வழியே பிளக்கும். அதன் முகத்தை மட்டும் சிறிது அராவிப் பயன்படுத்துக. முகத்தகடு முற்றாகத் தேய்ந்துவிடின் எத்தோய்ச்சலாலும் அது கடினமாகாது. ஏனெனிற் கடினமாதற்குரிய காபன் அங்கு இல்லை.

உருமாற்றிய தலைக்கு மீண்டும் தோய்ச்சல் கொடுத்தல் வேண்டும். முதலில், செஞ்சூடேற்றிக் காற்றில் ஆறவிடுதலை இருமுறை செய்தல் நன்று. அடித்தபொழுது உள்ளே ஏற்பட்ட இறுக்கங்கள் இதனால் தளரும். பின்னர், உலையிற் சிரட்டைக்கரி நின்றெரிய, தலை ஒரே சீராகச் சிவக்கும் வரை பொறுத்தல் வேண்டும். இரும்பு 770 பாகை செல்சியசு அளவிற் காந்தத்தால் ஈர்க்கப்படும் தன்மையை இழக்கின்றது. காந்தத் துண்டு ஒட்டாது விடும் அந்நிலைக்குச் சிறிது மேலே தோய்த்தலே சரியான பதம். கண்மதிப்பாற் பதம் பார்க்கும் மூத்த கொல்லர் பட்டறையை அரையிருளில் வைத்திருப்பதன் காரணம் இங்கே விளங்கும். வெயில் வெளிச்சத்தில் சூட்டின் நிறம் கண்ணை ஏமாற்றும்.

தோய்க்க வேண்டியது முகங்களை மட்டுமே. காம்பு நுழையும் கண்ணும் அதன் இருபுறக் கன்னங்களும் மென்மையாகவே இருத்தல் வேண்டும். அவை கடினமாகின் வீச்சின் அதிர்ச்சியில் தலை அங்கேயே வெடிக்கும். ஆகையால் ஒரு முகத்தைக் கண்ணுக்குக் கீழ்வரை நீரில் அமிழ்த்தி அசைத்து, உடனே திருப்பி மறுமுகத்தைத் தோய்ப்பர். ஹப்புத்தளை, பண்டாரவளை போன்ற உயர்நிலப் பகுதிகளில் விடியற்காலத் தண்ணீர் மிகக் குளிர்ந்திருக்கும். அதில் நேரே தோய்த்தால் உருக்கு விண்டுபோதல் கூடும். தண்ணீரை இளஞ்சூடாக்கிக் கொள்ளுதல் பாதுகாப்பானது.

தோய்ச்சல் பெற்ற முகம் கண்ணாடிபோற் கடினமாகவும் நொய்தாகவும் இருக்கும். அதன் நொய்மையைத் தணித்தல் அடுத்த படி. முகத்தைத் தேய்த்து மினுக்கிய பின், செஞ்சூடேற்றிய இரும்பு முளையொன்றைக் கண்ணினுட் செருகி வைத்தால் சூடு நடுவிலிருந்து முகங்களை நோக்கிப் பரவும். மினுக்கிய பரப்பில் வைக்கோல் நிறமும், பின் கபிலமும், ஊதாவும், நீலமும் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து வரும். முகத்தை வைக்கோல் நிறம் கடந்து கபிலம் எட்டும்பொழுது, அஃதாவது ஏறத்தாழ 250 பாகையில், முளையை அகற்றித் தலையைக் குளிர்விக்க வேண்டும். அப்பொழுது கண் நீலம் கடந்து மென்மையுற்றிருக்கும். முகம் உறுதியும் கண் தாங்குதிறனும் பெற்று நிற்கும். உலோகவியல் நூல்கள் வரைபடங்களால் விளக்கும் இவ்வுண்மையைக் கொல்லன் நிறங்களின் ஓட்டத்தால் அறிகின்றான்.

இறுதியாகக் காம்பு. கொய்யா வளையும், ஆனால் எளிதில் முறியாது. கொப்பும் இலேசாகக் கிடைக்கும். புளியும் ஏற்றதே. ஊவாவின் தாழ்நிலத்தை அடுத்த வறள்வலயத்து ஹல்மில்லை மரம் நேரிய நாரும் உறுதியும் உடையது. நார் காம்பின் நீளத்துக்கு ஒத்து ஓடுதல் வேண்டும். குறுக்கோடின் முதல் வாரத்திலேயே முறியும். கண்ணின் இருவாயும் அகன்று நடு ஒடுங்கியிருப்பதன் காரணம், மேல்வாயில் ஆப்பு இறுக்கியதும் தலை இருபுறமும் கழன்றோடாமல் நிற்றற்கே.

5. தொடலாகாதன

எல்லாச் சுத்தியலையும் உலைக்குள் இடலாம் என்பது இதனாற் பெறப்படாது. வார்ப்பிரும்புத் தலை சம்மட்டி அடியில் நொறுங்கும். ஈயத்தலைச் சுத்தியலைச் சூடேற்றின் நச்சாவி எழும். நாகப்பூச்சுப் பூசிய குழாய்க் காம்புடையவற்றையும் பூச்சு நீக்காது சூடேற்றலாகாது. ஆணி பிடுங்கும் தச்சுச் சுத்தியலின் முகம் ஆணித்தலைக்கென மிகக் கடினமாக்கப்பட்டது. பட்டடையின் விளிம்பில் தவறி விழுந்தால் சில்லாகப் பெயரும். கடின முகமுடைய இரு சுத்தியல்களை ஒன்றோடொன்று மோதுதலும் இதே காரணத்தால் விலக்கப்பட்டது.

வேறொரு காரணத்தாலும் சிலவற்றைத் தொடாது விடல் வேண்டும். புகையிரத எழுத்துக்களோ, அரசக் குறியோ, தெளிவான செய்வோர் பெயரோ உடையதும் முழுமை கெடாததுமான சுத்தியல் ஒரு வரலாற்று ஆவணமாகும். பிறிதொரு துண்டு உருக்காற் செய்யக்கூடிய வெட்டுளிக்காக அதனை அறுத்தல் ஏட்டைக் கிழித்து விளக்குத்திரி செய்தலை ஒக்கும். எத்தலையையும் உலையிலிடுமுன் அதன் நிறை, நீளம், பொறிப்பு, கிடைத்த தோட்டம், அங்கு அதற்கு வழங்கிய பெயர் ஆகியவற்றைக் குறித்துப் படமும் எடுத்துவைத்தல் நலம்.

6. முடிவுரை

இவ்வறிவு இன்று யார் கையில் எஞ்சியுள்ளது என்பது சிந்திக்கத்தக்கது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. அதன்வழிச் சென்ற குடும்பங்களுட் கொல்லரும் தச்சரும் இருந்திருப்பர் என ஊகித்தல் மிகையாகாது. கணக்கேடுகள் ஆட்களை எண்ணின. அவர்களுடன் சென்ற தொழிலறிவை எண்ணவில்லை. 1970களின் தேசியமயமும் 1992இல் முகாமையைக் கம்பனிகளிடம் ஒப்படைத்தமையும் தோட்டங்களின் உடைமையை மாற்றின. தொழிற்சாலை ஒன்று மூடப்படும்பொழுது அதன் இயந்திரங்களுடன் பட்டறையின் சிறு கருவிகளும் பழைய இரும்பாகின்றன. உருக்காலையின் பேருலையில் ஒரு சுத்தியலின் உருக்கும் உடைந்த தகரமும் ஒன்றாகிவிடும். கிலோக் கணக்கில் அவற்றுக்கிடையே வேறுபாடில்லை.

தொழிலாளியின் கையிலோ வேறுபாடு உண்டு. கவ்வாத்து வெட்டும் தொழிலாளி ஒரு நாளில் எண்ணிறந்த கொப்புகளைச் சரிந்த ஒரே வெட்டில் வெட்டவேண்டியவர். பதமற்ற கத்தி கொப்பைச் சிதைக்கும். சிதைந்த காயத்தில் நீர் தங்கிச் செடி அழுகும். அதற்கு முன்னரே வெட்டுபவரின் மணிக்கட்டு நோகும். கடைக்கு வரும் மலிவான கத்தியின் தரத்தை அவரால் தீர்மானிக்க இயலாது. தோட்டத்தின் அருகே உருக்கறிந்த ஒரு பட்டறை இருக்குமாயின் அவர் அதனைக் கேட்டுப் பெறலாம். தம் கைக்கேற்ப வளைவையும் நிறையையும் மாற்றிக் கொள்ளலாம். பழஞ் சுத்தியலை மீட்டல் என்பது இக்காரணத்தாற் பழம்பொருட் பற்று அன்று. உழைப்பவர் தம் கருவியின் மீது கொள்ளத்தக்க அதிகாரத்தின் ஒரு கூறு அது.

ஆகவே இரு பணிகள் எம்முன் உள்ளன. பதுளை, பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹப்புத்தளைப் பகுதிகளில் எஞ்சியுள்ள கொல்லரிடம் கருவிகளின் பெயர்களையும் பதங்களையும் தோய்ச்சல் முறைகளையும் அவர்தம் சொற்களிலேயே கேட்டுப் பதிவுசெய்தல் முதலாவது. பல்கலைக்கழகங்களின் பொறியியற் பீட மாணவரும் தமிழ்த்துறை மாணவரும் இணைந்து செய்யவேண்டிய பணி இது. ஒருவர் உலோகத்தை அறிவர், மற்றவர் சொல்லை அறிவர். அவ்வறிவைத் தோட்டத்து இளைஞருக்குத் தொழிற்பயிற்சியாக மீள வழங்குதல் இரண்டாவது. பதிவு மட்டும் நிகழ்ந்து பயிற்சி நிகழாதுவிடின், கொல்லனின் அறிவு எமது ஏடுகளில் வாழும். தொழிலாளியின் கையிலுள்ள கத்தியோ மழுங்கியே இருக்கும்.